தையலுக்கு விட்ட இரும்பு

எதிர்வீட்டுத் தையல்காரர் ஜீப்புக்குத் தானே ஷாக்கிள் செய்கிறார் என்று கேள்விப்பட்டதும், காய்ந்த துணியையே மறுபடி காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போய்விட்டேன். இதையெல்லாம் தவறவிட முடியுமா?

ஷாக்கிள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கின் நுனியை வண்டிச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் இரட்டை இரும்புத் தகடு. அது துருப்பிடித்து முறிந்துவிட்டது. மலையெல்லாம் ஏறப் போவதாகச் சொல்லி வாங்கிய ஜீப், நூல்கண்டு வாங்கப் போய்வந்ததோடு சரி, கடை வாசலை அடைத்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது. அவர் மனைவி கெடு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி தெருமுனை வரையாவது ஓட வேண்டும். இல்லையென்றால் பழைய இரும்புக்காரருக்கு.

அந்த மாடலுக்கு எந்தக் கடையிலும் ஷாக்கிள் இல்லை. "துணி வெட்டுற கைக்குத் தகடு என்ன பெரிய கொம்பா?" என்றார் மனிதர். அட்டையில் மாதிரி வெட்டி, அதை இரும்பின்மேல் வைத்துத் தையல் சாக்கட்டியால் வரைந்தார். அறுத்தார், துளை போட்டார். பறந்த பொறியில் மீசையின் ஓரம் கருகியதையும் பொருட்படுத்தவில்லை.

ஞாயிறன்று இரண்டு பக்கமும் புதுத் தகடு மாட்டி, போல்ட்டுகளை முறுக்கி ஜாக்கை இறக்கினார். பின்பக்கம் இறங்குவேனா என்றது. ஜீப் மூக்கால் தரையை மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றது.

"என்ன மாமா, வண்டி யாரு கால்ல விழுது?" என்றான் உதவிக்கு நின்ற அவர் மச்சினன்.

"அளவெல்லாம் கரெக்டாதான்டா எடுத்தேன்!"

அவன் பழைய தகட்டையும், கூடுதலாக வெட்டி மிச்சமிருந்த புதியதையும் சேர்த்துப் பிடித்தான். துளைக்குத் துளை நாலு விரல் கூடுதல். "இது எதுக்கு?"

"மேல ரெண்டு, கீழ ரெண்டு, தையலுக்கு விட்டேன்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"வளர்ற பிள்ளையா மாமா? அடுத்த வருஷம் பிரிச்சு விடப் போறீங்களா?"

தெருவே உருண்டது. நான் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு சிரித்தேன். கெடு நாளென்று வந்து நின்ற இரும்புக்காரர் மட்டும் சிரிக்காமல், வண்டியை இழுக்கக் கயிற்றை எடுத்தார். தையல்காரருக்கு முகம் செத்துவிட்டது.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் மனைவி டிரைவர் சீட்டில் ஏறினார். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கியவர்தான். ஆனால் குள்ளம், அதில் உட்கார்ந்தால் பானட்தான் தெரியும், ரோடு தெரியாது. தையல்காரரும் அதையே சொல்லிச் சாவியைத் தராமல் நாளைக் கடத்தினார். அன்று சாவி வண்டியிலேயே தொங்கியது.

"ஐயையோ! ஏங்க, ரோடு தெரியுதுங்க!"

"சரிம்மா, இறங்கு. நான் ஓட்டிக் காட்டுறேன்."

"நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க. டேய், அண்ணனுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பு!"

ஜீப் உறுமியது, துள்ளியது, ஓடியே விட்டது. தெருமுனையில் திரும்பும் என்று பார்த்தால், ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு பெரிய ரோட்டில் ஏறிவிட்டது. பக்கத்து சீட்டில் கம்பியைக் கட்டிக்கொண்டு தையல்காரர் போட்ட கூச்சல் பயத்திலா, சந்தோஷத்திலா? மாடியிலிருந்து பிடிபடவில்லை. வந்ததும் கேட்டுவிட வேண்டும்.