எட்டில் இரண்டு

ஸ்கேன் சென்டருக்கு வந்த புது சர்வரில் எட்டு டிஸ்க்குகள். பழுதானாலும் படங்கள் அழியாதபடி அவற்றை எப்படிக் கட்டுவது என்பதில் அவளுக்கும் அக்கா புருஷனுக்கும் காலையிலிருந்து இழுபறி. சென்டர் அவருடையது; கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பு.

"ஒண்ணு செத்தா மீட்கிற மாதிரி வை, போதும். ஏழு டிஸ்க்குக்குப் படம் வைக்கலாம்."

"ரெண்டு செத்தாலும் தாங்கணும் மாமா. ஆறுதான் மிஞ்சும்."

"ரெண்டும் பேசி வச்சுக்கிட்டா சாகும்?"

"ஒரே பெட்டியில வந்ததுங்க. ஒரே நாள்ல வேலைக்குச் சேருதுங்க."

அவள் வளர்ந்தது அப்பா மூட்டை தூக்கிய கொட்டகையில். ஒருவன் இடுப்பைப் பிடித்து உட்கார்ந்தால் அவன் மூட்டையும் மற்றவர்கள் முதுகில் ஏறும். அடுத்தவன் அன்றைக்கே உட்காருவான். இங்கேயும் அதேதான் என்றாள். செத்த டிஸ்க்குக்குப் பதில் புதியதை நிரப்ப, மிச்சமெல்லாம் ஓய்வில்லாமல் ஓட வேண்டும்.

"உங்கப்பா மூட்டைய இங்க இறக்காதே. என்னமோ செய். இடம் பத்தலைன்னா உன்னைத்தான் கேப்பேன்."

இரண்டு தாங்கும்படியே கட்டினாள்.

சில வருஷம் கழித்து ஒரு டிஸ்க் போனது. புதியதைச் செருகினாள். பாதி நிரம்புவதற்குள் இன்னொன்றிலும் சிவப்பு விளக்கு.

வெளியே பெஞ்சில் ஒரு பெண் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் மார்பிலிருந்த கட்டி வளர்ந்திருக்கிறதா என்று சொல்ல டாக்டருக்குப் போன வருஷப் படம் வேண்டும். அது இந்த சர்வர் பெட்டிக்குள் இருந்தது, வேறெங்கும் இல்லை.

"மாமா, இது நிரம்புற வரைக்கும் ஸ்கேன் மெஷினை நிறுத்துங்க. புதுப் படம் எதுவும் உள்ள வரக்கூடாது."

"வெளிய கூட்டம் நிக்குது! ரெண்டு தாங்கும்னு நீதானே சொன்னே?"

"தாங்குது. மூணாவதுக்கு நான் வாக்கு குடுக்கலை. இன்னொண்ணு போனா பழசு மொத்தமும் போச்சு."

அவர் சிவப்பு விளக்கைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார். இன்றைக்கு ஸ்கேன் இல்லை என்று அவரே சொன்னதும், அதற்கு யாரோ அவரைத் திட்டியதும் கதவு வழியே கேட்டது.

அவள் அந்தப் பெண்ணின் பழைய படங்களை மட்டும் முதலில் வேறொரு டிஸ்க்கில் இறக்கி டாக்டருக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரிடமிருந்து போன் வந்தது. "படம் வந்துடுச்சு. தெளிவா இருக்கு." போனை வைத்துவிட்டு மறுபடி பெட்டி முன்னால் உட்கார்ந்தாள்.

அவர் திரும்பி வந்து பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை.

"அடுத்த பெட்டியில மூணு செத்தாலும் தாங்குற மாதிரி வச்சுக்கலாமா?"

"இடம் பத்தாதே மாமா."

"வாயை மூடிட்டு லைட்டைப் பாரு."

பார்த்தாள். ஆறு பச்சை, ஒரு சிவப்பு. புதியது இன்னும் நிரம்பிக்கொண்டிருந்தது.