ராகுலன் அனுப்பிய வார்த்தை

சரக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலை பார்த்த ராகுலன், அக்கா தென்றலுக்குக் கடைசியாக அனுப்பிய குரல் செய்தி இதுதான்: "செம காத்துக்கா. ஸ்பிண்ட்ரிஃப்ட் அடிக்குது. இரு, வெளிய போயி வீடியோ எடுத்து அனுப்புறேன்." செல்போனோடு மேல்தளத்துக்குப் போனவனை அலை வாரிக்கொண்டு போய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

வீடியோ கேட்டது அம்மா பழனியம்மாதான். தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனை விட்டால் பங்காரப்பேட்டை, மிஞ்சிப்போனால் கோலார் ஆஸ்பத்திரி. கடலைக் கண்ணால் பார்க்காத மனுஷி. "புயல்ல கடலு எப்டி இருக்கும், காட்டச் சொல்லுடி" என்று ஆசையாகச் சொன்னாள்; தென்றலும் அதை அப்படியே தம்பிக்கு அனுப்பினாள். பதில் வந்தபோது அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தவளிடம் ஸ்பிண்ட்ரிஃப்ட் அடிக்கிறதாம் என்றதோடு தென்றல் நிறுத்திக்கொண்டாள்; வீடியோ வந்ததும் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்தாள். மறுநாள் சாவுச் செய்தி வந்தபிறகு மீதியை எப்படிச் சொல்வது? பெற்ற வயிறு தாங்குமா? ஏதோ வேலையாக வெளியே போனானாம் என்று மூடி மறைத்துவிட்டாள்.

அந்த வார்த்தை மட்டும் அம்மாவை விடவில்லை. பெங்களூர் ரயிலை விட்டு இறங்கி வந்த மகள் செருப்பைக் கழற்றுவதற்குள், "அதுக்கு இன்னாடி அர்த்தம்?" என்பாள். தென்றல் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆடிக் காற்றில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டு மண் பறந்து தெருவே வெளுத்துக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் இடுக்கில் துணியை அடைத்துக்கொண்டே அம்மா மறுபடி கேட்டாள். தென்றல் வேறு வழியில்லாமல் சொன்னாள்.

"அலையோட உச்சியைக் காத்து சீவி, தூளாக்கி அடிக்கும்மா. அந்தத் தண்ணித் தூளுக்குதான் அந்தப் பேரு. முன்ன ஸ்பூன்டிரிஃப்ட்னு சொன்னாங்களாம்."

"ஸ்பூனா? கரண்டியா?"

"கரண்டி இல்லம்மா. பாய்மரக் கப்பல் காலத்துப் பேச்சு. எதிர்த்து நிக்க முடியாம, காத்து தள்ற பக்கமே கப்பல் ஓடுறதை அப்டி சொல்வாங்களாம்."

பழனியம்மா ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தாள். எதிர்வீடு தெரியவில்லை.

"இந்த மண்ணு தண்ணியா இருந்தா அதுதான்னு சொல்லு."

"ஆமாம்மா."

"இதுக்கே நாம கதவைத் திறக்கிறதில்ல. அவன் இன்னா வேலைக்குடி வெளிய போனான்?"

"கயிறு கட்டக் கூப்ட்டாங்களாம்மா."

"சமையல்காரனையா?"

 தென்றல் அழுதுவிட்டாள்.

"எனக்குக் காட்டத்தானே போனான்?" என்றாள் பழனியம்மா. ஜன்னல் இடுக்கில் மிச்சத் துணியையும் திணித்தாள். பிறகு, எங்கே கேட்டால் மகள் கோபித்துக்கொள்வாளோ என்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"எடுத்தானாடி?"