மூன்றாம் தடவை வந்த குறி

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். முறத்தின் முன்னால் குறி சொல்லும் சித்தன் மாமா. எதிரே அண்ணன் சின்னராஜ். சுவரோரம் அம்மா அத்தாயி. சமையலறை வாசலில், வருகிற புதன்கிழமை நிச்சயம் ஆகவிருந்த தங்கை கீர்த்திகா. நடுவில் மேனகா. புருஷன் ஊரான மஞ்சக்குட்டையில் மாதேஷ் முறித்த இடது கையில் மாவுக்கட்டோடு அவள் தாய்வீட்டுக்கு வந்து பதினேழு நாளாகிறது.

அவளைத் திருப்பி அனுப்பலாமா என்பதுதான் கேள்வி.

மாமா கண்ணை மூடி ஒரு பிடி காப்பிக்கொட்டை அள்ளினார். இரண்டிரண்டாகத் தள்ளினார். கடைசியில் ஜோடி நின்றால் அனுப்பலாம், ஒற்றை நின்றால் கூடாது. ஒற்றை நின்றது. சாமி இன்னும் இறங்கவில்லை என்று மறுபடி அள்ளினார். மறுபடியும் ஒற்றை. சின்னராஜ் இன்னொரு கற்பூரம் கொளுத்தினான். மூன்றாவது தடவை ஜோடி வந்தது.

"சேந்துருச்சு. கொண்டுபோய் உட்ருங்க. இனிமே அவன் கை நீட்டமாட்டான். தைக்குள்ள புள்ள உண்டாயிரும்."

குறி என்றால் வரப்போவதைச் சொல்வது. இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை. மேனகாவைப் பத்தாவதோடு நிறுத்தவும் குறி கேட்டார்கள், மாதேஷுக்குக் கட்டிவைக்கவும் கேட்டார்கள். எல்லாமே முந்தின நாளே முடிவானவை. குறி வந்துவிட்டால் பிறகு யாரும் யாரையும் ஏன் என்று கேட்க முடியாது. மாமாவின் வாயோரம் வழிந்த வெற்றிலைச் சாறு கொட்டைகளின் மேல் சொட்டியிருந்தது. அம்மா அந்தக் கொட்டைகளையே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஏனுங்க மாமா, மொத ரெண்டு தடவ வந்தது யாரு சொன்னதுங்க?"

"அதெல்லாம் சேத்தியில்ல கண்ணு."

"செரிங்க. தை மாசம் வரைக்கும் தெரியிதுங்கள்ல. இன்னிக்கு அவரு அடிக்கறது இந்தக் கையிலயா, அந்தக் கையிலயான்னும் பாத்துச் சொல்லிருங்க."

மாமா கொட்டைகளை முறத்துக்குள் கூட்டித் தள்ளினார். புதன்கிழமை கீர்த்திகாவின் மாப்பிள்ளை வீட்டார் வரும்போது இவள் கட்டோடு உட்கார்ந்திருந்தால் என்ன பதில் சொல்வது என்று சின்னராஜ் முணுமுணுத்தான். கீர்த்திகா தலை நிமிரவே இல்லை. சாமியே சொன்ன பிறகு நாம் என்ன செய்ய முடியும் என்றாள் அம்மா.

மேனகா பையை எடுத்துக்கொண்டாள். கூட வரட்டுமா என்று சின்னராஜ் கேட்டான். வேண்டாம் என்றாள். அவன் மறுபடி கேட்கவில்லை.

"மஞ்சக்குட்ட ஜீப்பு வர்ற நேரந்தான் கண்ணு," என்றாள் அம்மா. அந்த ஜீப்பில்தான் ஏறப்போவதாக மேனகா சொல்லவில்லை.

வாசற்படியில் குனிந்து ஒற்றைக் கையால் செருப்பு வாரை மாட்டினாள். வார் நழுவியது. இரண்டாம் தடவை மாட்டிக்கொண்டிருந்தபோதே பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பகலில் ஒருநாளும் பூட்டாத அந்தக் கதவுக்குள் சாவி திரும்பியது.