சாரலுக்கு ஒரு பங்கா

குற்றாலத்தில் சாரல் விழுகிற காலத்தில் மின்விசிறி போடுகிறவர்களை நான் பார்த்ததில்லை. போர்வைக்குத்தான் சண்டை நடக்கும். அப்படிப்பட்ட ஊரில், ஐந்தருவிக்குப் போகிற வழியில் இருக்கிற என் வீட்டில், கூரையிலிருந்து ஒரு பங்காவைத் தொங்கவிட்டார்கள். சாப்பாட்டு மேசை நீளத்துக்கு ஒரு மரச்சட்டம், அதில் சுங்குடித் துணி, இழுப்பதற்கு ஒரு கயிறு. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் சாப்பிட்டு முடிக்கிறவரை வேலைக்காரன் இழுத்துக்கொண்டே இருந்த விசிறி.

வீட்டைச் சீசனுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர் தங்கசாமி. போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை அலங்கரிக்க வந்தவள் கிறிஸ்டி, சென்னையில் அதற்கென்றே படித்த பெண். "பிரிட்டிஷ் பங்களா தீம் ஆன்ட்டி, அதுல நம்ம ஊர் டச்" என்றாள். கால் நீட்டிப் படுக்கிற பிரம்பு நாற்காலிகள் வந்தன. சுவரில் பிளாஸ்டிக் மான்கொம்பு, வாசலில் பித்தளை உருளி நிறையப் பூ. பத்தே நாளில் பிரம்பெல்லாம் பூஞ்சை பூத்தது. துடைத்தவள் மாரிச்செல்வி. பன்னிரண்டு வருடமாக அச்சன்புதூரிலிருந்து பஸ்ஸில் வந்து என் வீட்டு வேலையைப் பார்க்கிறவள்.

அதுவரை எனக்குச் சிரிப்புதான். பிறகு சுவரில் ஓட்டை போட்டார்கள். பங்காக் கயிறு அதன் வழியாகப் பின்வராந்தாவுக்குப் போனது.

"இழுக்கிற ஆள் உள்ள தெரியக்கூடாது ஆன்ட்டி. அப்ப அப்படித்தான் இருந்திருக்கு" என்று கிறிஸ்டி விளக்கினாள். பிறகு மாரிச்செல்வியிடம் திரும்பி, "நாளைக்கு போட்டோ எடுக்க வராங்க. நீங்க வராந்தாவுல தரையில உக்காந்து கயித்தை இழுக்கணும். வெப்சைட்டுல போடுவோம்" என்றாள்.

மாரிச்செல்வி என்னைப் பார்த்தாள். "அக்கா, என் மவ போலீஸ் டிரெய்னிங்ல இருக்கா. கூட இருக்கவளுவல்லாம் போன்ல பாப்பாளுவ."

"ஒரு போட்டோதான மாரி, இதுல என்ன இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். நான் காபி போடப் போய்விட்டேன்.

மறுநாள் காலை வராந்தாவுக்குப் போனால், மாரிச்செல்வி சாரலில் நனைந்த தரையில் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் சிவப்புத் துண்டால் முண்டாசு. கையில் கயிறு. கேமராக்காரர், "கொஞ்சம் குனிங்கம்மா, இன்னும் கொஞ்சம்" என்கிறார்.

"எந்திரிட்டி" என்று அவளை எழுப்பிவிட்டு, அந்த ஈரத்தில் நான் உட்கார்ந்தேன். கயிற்றைப் பிடித்தேன். "இப்ப எடுங்க போட்டோவ."

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? எந்திரி மொதல்ல! நாலு பேரு பாத்தா காறித் துப்புவான்."

"அவ உக்காந்திருக்கும்போது அந்த நாலு பேரும் எங்க போயிருந்தாவ?"

நான் எழுந்தேன். அடுப்படியிலிருந்து அரிவாள்மணையை எடுத்து வந்து கயிற்றை அறுத்தேன். "ஆன்ட்டி, தீமே போயிருமே!" என்று கிறிஸ்டி அழாத குறையாகச் சொன்னாள். "உன் தீமைக் கொண்டுபோய் அருவியில போடு" என்றேன்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். மாரிச்செல்வி ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று நின்றேன். அவள் முண்டாசை அவிழ்த்து, உதறி, மடித்துக் கொடியில் போட்டாள்.

"உங்கள அண்ணாச்சி ஒரு நிமிசம்கூட அங்கன உக்கார விடலக்கா" என்றாள். "நேத்து நான் உங்க மூஞ்சியப் பாத்தேன்லா. அப்பமே சொல்லிருக்கலாம்லா?"

எப்போதும் நாலு மணி பஸ்ஸுக்குப் போகிறவள், அன்று பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள்.