முன்கூட்டி வரும் கிரகணம்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: ஏழு மாதக் கர்ப்பிணியான என் அக்கா ஜீவிதா, அவள் கணவர் மனோகரன், அரிசி ஆலையில் இரவு வேலை முடித்து வந்திருந்த நான்.

பகலில் திருவாரூர் போய், பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அக்கா தன் ஆய்வை வாசித்தாக வேண்டும். ஒன்றையொன்று மறைத்தபடி நெருக்கமாகச் சுற்றும் இரண்டு நட்சத்திரங்களைப் பற்றிய ஆய்வு அது.

“வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு தெனமும் கிரகணமாடி பாக்குற?” என்றார் மனோகரன்.

“அது எங்கயோ நடக்குதுங்க. நம்ம மேல நெழல்கூட விழாது. வருசத்துக்கு வருசம் கிரகணம் கொஞ்சம் முன்னாடியே வருது. சுத்துற பாதை சுருங்குது. கடைசியில ரெண்டும் மோதி ஒண்ணாயிடும்.”

“மோதிச் சாவுறத பாக்கத்தான் படிச்சியா? புள்ள பொறக்குற வரைக்கும் உள்ளயே கெட!”

முடியைப் பிடித்து நெல் அறைக்கு இழுத்தார். அக்காவின் நெற்றி கதவு நிலையில் மோதிக் கிழிந்தது. நான் கடப்பாரையை எடுத்து அவர் முழங்காலில் அடித்தேன். எலும்பு உடையும் சத்தம் கேட்டது. அறைக்குள் மூட்டைகள்மேல் சரிந்தார்.

“படிப்ப விட்ட நாயே, என்னையே அடிக்கிறியாடா!”

அக்கா முந்தானையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டினாள்.

“வாடா, பஸ்ஸு போயிடும்.”

அவர் அலற அலற, அறைக் கதவைச் சாத்திப் பூட்டினாள்.