மைக் இல்லாத ஹெட்போன்

கையைத் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும். அந்த டப்பிங் ஸ்டுடியோவில் எழுதி ஒட்டாத சட்டம் அது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கம் மைக்கின் முன்னால் நிற்பது கதாநாயகியானாலும் வில்லனானாலும், அவருடைய உள்ளங்கை உயர்ந்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஒருநாள் காலை, படத்தில் செத்துப்போன கணவனுக்காக உருகி உருகி அழுதுகொண்டிருந்த அம்மாளையும் அப்படித்தான் நிறுத்தினார்.

"என்ன சார், அழுகை பத்தலையா?"

"அழுகையெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. நடுவுல வயிறு பேசுது. போய் ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டுட்டு வாங்க."

அறையிலிருந்த வேறு யாருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கவில்லை. சும்மாவா அவருக்குப் பாம்புக்காது என்று பேர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த அந்தப் பேரும் அவர் காதில் விழுந்துதான் இருந்தது. உள்ளூர அதில் அவருக்குப் பெருமை.

வம்பு என்னவென்றால், அந்தக் கையை அவர் ஸ்டுடியோவில் விட்டுவிட்டு வருவதில்லை. குழாய் ஒழுகுகிற கதையை மனைவி ஆரம்பித்தால் பாதியில் கை உயரும். புரிந்துவிட்டது, மீதி வேண்டாம் என்று அர்த்தம். கெட்ட மனிதர் என்று யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது. குடும்பத்துக்கு ஒரு குறை வைத்தவரில்லை. ஒருவர் வாயைத் திறந்ததுமே அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது தனக்குத் தெரிந்துவிட்டதாக நினைப்பவர், அவ்வளவுதான்.

பள்ளியில் படிக்கும் மகள் ஒரு மாலையில் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, என் ஹெட்செட்ல மைக் போயிடுச்சு. புதுசு ஒண்ணு வேணும்ப்பா. கேம் விளையாடறதுக்குன்னே ஒண்ணு வருது, அதுல மைக்..."

கை உயர்ந்தது.

"அந்தப் பிளாஸ்டிக் பொம்மையா? பக்கத்துல கலர் கலரா விளக்கு எரியும். குண்டு வெடிச்சா மண்டையில ஆணி அடிச்ச மாதிரி கேக்கும். அதுக்குப் பேர் சத்தமா? ஊருக்கெல்லாம் ஒலி சேத்துத் தர்றவன் பொண்ணு அதைப் போடறதா? பேசாம இரு. நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவும் செய்தார். வெகுநாள் ஆசைப்பட்டுத் தனக்கென்று வாங்கி, மெத்தென்ற துணியில் சுற்றி வைத்திருந்த ஸ்டுடியோ ஹெட்போனை மறுநாளே அவளுக்குக் கொடுத்தார். அதன் வயர் முனையிலிருந்த தடித்த 'பின்', டிவியில் மாட்டி விளையாடும் கருவியின் ரிமோட்டில் நுழையவில்லை. அதற்கு ஒரு மாற்று 'பின்' வாங்கினார். ரிமோட்டிலிருந்து வரும் சத்தம் அந்த ஹெட்போனுக்குப் பற்றவில்லை. சத்தத்தைக் கூட்ட உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியையும் கொண்டுவந்து நடுவில் மாட்டினார். விளையாட்டைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார்.

"பின்னாடி ஒருத்தன் நடந்து வர்றானே, எந்தப் பக்கம்னு தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"காலடியில சருகு நொறுங்கறது?"

"கேக்குதுப்பா. நல்லா இருக்கு."

வயிறு பேசுவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பிடித்த காது, அந்த 'நல்லா இருக்கு'வில் இருந்த சோர்வைப் பிடிக்கவில்லை. மகளுக்குச் சொத்தையே எழுதி வைத்துவிட்ட நிறைவோடு அவர் சட்டை மாற்றப் போனார்.

அந்த வீட்டில் அவருக்கு மட்டும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது.

மூத்த மகன் வீட்டை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அப்பா ஆசையோடு சேர்த்துவிட்ட படிப்பில் அவனுக்கு ஏதோ சிக்கல். சாப்பிட உட்கார்ந்தபோது, "அப்பா, காலேஜ்ல ஒரு விஷயம், உங்ககிட்ட..." என்று ஆரம்பித்தான். கை உயர்ந்தது. "படிக்கப் பிடிக்கலை, அதானே? அந்தப் பேச்சே இந்த வீட்ல வேண்டாம்." அவன் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினான். மறுநாள் அவன் அலமாரி காலியாக இருந்தது. வேறு ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான் என்று பிற்பாடு தெரிந்தது. போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தால் அம்மா அழுவாள், அழுதால் வீட்டுக்கே திரும்பிவிடுவோம் என்று அவனுக்குப் பயம். 'அவன் பேச்சை எடுக்காதே' என்று அப்பா சொல்லிவிட்டதால் வீட்டில் யாரும் அவன் பேச்சை எடுக்கவுமில்லை.

ஆனால் அவனிடமும் ஒரு விளையாட்டுக் கருவி இருந்தது. அண்ணனும் தங்கையும் மாலையில் இன்டர்நெட் வழியாக ஒரே ஆட்டத்தில் சேர்ந்துகொள்வார்கள். சுட்டுக்கொண்டே பேசலாம். பேசப் பிடிக்காவிட்டால் சுட்டுக்கொண்டே இருக்கலாம். இதை ஒருநாள் அம்மா கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு மகளை நகர்த்திவிட்டு அவளும் ஹெட்செட்டை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அவள் கைக்குப் போன வீரன் துப்பாக்கியோடு ஒரு சுவரில் முட்டி முட்டி நிற்பான். எதிரிகள் வந்து சுட்டுவிட்டுப் போவார்கள். அவள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருப்பாள்: "மத்தியானம் சாப்பிட்டியாடா? கை காலெல்லாம் விறைச்சுப் போகுதா? உள்ளே ரெண்டு சட்டையாப் போட்டுக்கோ." போனில் அழுகிற அம்மா, சுவரில் முட்டிக்கொண்டே பேசும்போது அழுததில்லை. அதனால் அவனும் பேசினான்.

அந்த மைக்தான் உடைந்துபோனது. வந்து சேர்ந்த விலை உயர்ந்த ஹெட்போனில் மைக்கே கிடையாது. ஒலிப்பதிவாளரைப் பொறுத்தவரை அது குறையில்லை. ஹெட்போன் கேட்பதற்கு, மைக் பேசுவதற்கு. இரண்டையும் ஒன்றாக ஒட்டி விற்பது ஏமாற்று வேலை என்பது அவர் கட்சி.

இப்போது அண்ணன் பேசுவது முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. பதில் போகவில்லை. தங்கை ரிமோட்டைத் திருகித் திருகி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி 'ஆமா', 'இல்ல' என்று அனுப்புவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். "அப்பாகிட்டச் சொல்லும்மா," என்றாள் அவள். "சொல்றேன், சொல்றேன்," என்றாள் அம்மா. சொல்ல வேண்டுமானால் பெரியவன் பேரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பேரின் முதல் எழுத்துக்கே கை உயரும் என்று அவளுக்குத் தெரியும். நாள் தள்ளிக்கொண்டே போனது.

ஒரு சாயங்காலம் ஸ்டுடியோவில் குளிர்சாதனம் மக்கர் செய்ததால் அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். மகளின் பல்லைக் காட்ட அம்மாவும் மகளும் டாக்டரிடம் போயிருந்தார்கள். அணைக்க மறந்த டிவியில் ஒரு வீரன் வெறுமனே நின்றுகொண்டிருந்தான். தான் மாட்டிய பெட்டியில் இரைச்சல் ஏதும் சேர்கிறதா பார்ப்போம் என்று ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"பாப்பா, வந்துட்டியா? திரையில உன் பேர் எரியுதே. அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்ல ஹெட்போன் அது, ஒன்றையும் மறைக்காது. மகனுக்குச் சளி பிடித்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. திரைச்சீலை இல்லாத, மெத்தை இல்லாத, அநேகமாகக் கட்டிலே இல்லாத அறை. பாயில் உட்கார்ந்து பேசுகிறான். ஒரு குரலை வைத்து அறையை அளந்துவிடுகிற வித்தை அவருக்குக் கைவந்தது. 

"உங்களால பேச முடியாதுன்னு தெரியும். கேட்டுக்கிட்டா போதும். என்னை வேற கிடங்குக்கு மாத்திட்டாங்க. நாளைக்குக் கிளம்பறேன். இந்தக் கேம் பெட்டியைத் தூக்கிட்டுப் போக முடியாது, ஒருத்தன்கிட்ட வித்துட்டேன். இப்ப வந்துருவான் எடுக்க." மூக்கை உறிஞ்சினான். "அம்மா குரலை ஒரு தடவை கேட்டுட்டுப் போலாம்னு பார்த்தேன். அப்பாவுக்கு இருமல்னு சொன்னாங்களே, நின்னுச்சா?"

"டேய், நான்தான்டா. அப்பாடா," என்றார். அவர் குரல் அந்த அறையைத் தாண்டவில்லை. ஹெட்போனைக் கழற்றி அதன் கிண்ணத்துக்கு நேராக வாயை வைத்துச் சொன்னார். அப்படிச் சொல்லிப் பயனில்லை என்று உலகத்தில் யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். சொன்னார்.

"ஏதாவது ஒரு பட்டனை அமுக்கு பாப்பா. இருக்கேன்னு தெரிஞ்சா போதும்."

எந்தப் பட்டன்? மேசை நிறைய இருக்கும் பட்டன்களில் ஸ்டுடியோவையே ஆட்டிவைக்கிற விரல்கள் அந்தச் சின்ன ரிமோட்டில் தடுமாறின. எதையோ அழுத்தினார். திரையில் நின்ற வீரன் குனிந்து துப்பாக்கியைக் கீழே போட்டான். மகனுக்கு அது தெரிந்ததோ இல்லையோ. கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"சரி, யாரும் இல்ல போல. வைக்கிறேன்."

அவர் கையைத் தூக்கினார். உள்ளங்கையைத் திரைக்கு நேராக விரித்து, நில் என்று தூக்கினார். அத்தனை பேரை நிறுத்திய கை. இந்த ஒரு தடவை அது யாரையும் நிறுத்தவில்லை.

மனைவியும் மகளும் திரும்பியபோது மடியில் ஹெட்போனோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். மகனுக்குப் போன் செய்து பார்த்திருந்தார். மணி அடித்து அடித்து நின்றதுதான் மிச்சம். நடந்ததைச் சொன்னார். மனைவி நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் கேட்டாள். அவள் எப்போதுமே அப்படித்தான் கேட்பாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நல்லதைத்தான் வாங்கிக் குடுத்தீங்க. நான் இல்லேங்கலை," என்றாள். "அவ எதுக்குக் கேக்கறான்னு ஒரு நிமிஷம் காது குடுத்திருந்தா, இன்னிக்கு அவன்கூட ரெண்டு வார்த்தை பேசியிருப்பீங்க."

மறுநாள் கடைக்குப் போய், தான் பொம்மை என்று பழித்த அதே பிளாஸ்டிக் ஹெட்செட்டை வாங்கி வந்தார். பக்கத்தில் நீலமும் சிவப்புமாய் விளக்கு எரிந்தது. வாய்க்கு முன்னால் கொக்கி மாதிரி மைக் வளைந்து நின்றது. மகளோடு சாயங்காலங்களில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். அண்ணன் பேர் ஒருநாளும் எரியவில்லை.

பல மாதம் கழித்து மனைவியின் போனுக்கு ஒரு புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அழுது முடித்துவிட்டு அவள் போனை அவரிடம் நீட்டினாள். சாப்பாடு, சளி, வேலை என்று அவன் மரியாதையாகப் பதில் சொன்னான். கடைசியில் அவரே கேட்டார்.

"அன்னிக்குச் சாப்பிடும்போது என்கிட்ட ஏதோ சொல்ல வந்தே. நான் கையைத் தூக்கிட்டேன். அது என்னடா?"



"அதெல்லாம் எதுக்குப்பா இப்ப? எனக்கே மறந்துபோச்சு."

மறக்கவில்லை என்பது அவருக்குக் கேட்டது. சொல்வதற்கு முன்னால் அவன் மூச்சை இழுத்துப் பிடித்ததும், பிறகு அதை விட்டதும் கேட்டது. வற்புறுத்திக் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று பட்டதால், "சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஸ்டுடியோவில் வில்லன்களுக்குக் குரல் கொடுப்பவர் ஒருநாள் இடைவேளையில் தேநீரோடு வந்து உட்கார்ந்தார். "சார், என் பையன் கேம் விளையாட ஹெட்போன் கேட்டு உயிரை வாங்கறான். ஸ்டுடியோ ஹெட்போன் வாங்கலாமா, கேமிங் ஹெட்செட்டா? உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

பாம்புக்காதுக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சத்தத்துக்குன்னா ஸ்டுடியோ ஹெட்போன்தான். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். ஆனா அவன் சத்தத்துக்குத்தான் கேக்கறானான்னு எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போய் எதுக்குடான்னு அவன்கிட்டயே கேளுங்க. அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் நடுவுல பேசாதீங்க. பெத்தவங்க பிள்ளைகளுக்கு முதல்ல குடுக்க வேண்டியது அதுதான். அதைக் குடுக்காம வேற எவ்வளவு உசத்தியானதைக் குடுத்தாலும் வீண். நான் பாதியில நிறுத்தினவன். அந்த மீதியை இன்னிக்கு வரைக்கும் எனக்கு யாரும் சொல்லலை."