முருகனுக்கு வச்ச பாக்கி

எங்க வீட்டுக்காரரு ஞானவேலு பழனி முருகனுக்கே பாக்கி வச்ச ஆளு. காசு பணமில்லைங்க, தலைமுடி.

போன வருசம் எனக்குக் கழுத்துல ஒரு கட்டி வந்துச்சு. கெட்ட கட்டின்னு சொல்லிட்டாங்க. மதுரையில ஆபரேசன். என்னைய உள்ள தள்ளிக்கிட்டுப் போனப்ப இவரு வெளிய நின்னு, "முருகா, எந் தமயந்தி பொழச்சு வரட்டும், உன் மலைக்கு வந்து முடி எறக்குறேன்"னு வேண்டிக்கிட்டாராம். பொழச்சு வந்துட்டேன். கழுத்துல ஒரு தழும்பு, காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை, அம்புட்டுத்தான். கொடைக்கானலுக்கு மேல எங்க ஊரு பூம்பாறைக்கு வந்து சேந்ததும் சும்மா இருக்காம, "மொட்டை எப்பங்க?"ன்னு கேட்டேன். அங்க ஆரம்பிச்சது வம்பு.

நாங்க கேரட்டு போடுறவங்க. கழுவி மூட்டை கட்டி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏத்திவிடுவோம். அங்க லோடு எறங்கணும், எடை போடணும், அழுகல் கழிக்கணும், அதுக்கப்புறந்தான் மண்டியில கணக்கு முடிப்பாங்க. இந்த மனுசன் முப்பது வருசமா அந்த மண்டியிலேயே கெடந்து புழங்கினவரு. அதே முறையை முருகன்கிட்டயும் கொண்டு போயிட்டாரு.

"டாக்டரு என்ன சொன்னாரு? ஒரு வருசம் கழிச்சு ஸ்கேன் பாத்துட்டுத்தான் முழுசா சொல்ல முடியும்னாரா இல்லையா? அப்ப லோடு இன்னும் வழியிலதான் இருக்குன்னு அர்த்தம். எறங்கட்டும். முன்னாடியே முழுசாக் குடுத்துட்டா அப்புறம் யாரு கவனிப்பா?"

எனக்கு வந்துச்சே கோவம்! "நான் என்ன கேரட்டு மூட்டையா? முருகன் என்ன கமிஷன் மண்டியா வச்சிருக்காரு?"

"கோவப்படாத தமயந்தி. கழுத்துக்கு ஆகாது."

இதாங்க அவரு மந்திரம். அன்னைக்குப் பிடிச்சது, ஒரு வருசம் விடல. பனியில நின்னா கழுத்துக்கு ஆகாது. குடம் தூக்குனா ஆகாது. பக்கத்து வீட்டு அன்னக்கொடிகூடச் சேந்து சிரிச்சா, அய்யய்யோ, சத்தமாச் சிரிச்சா கழுத்துக்கு ஆகவே ஆகாது. மாத்திரை முழுங்கினேனான்னு வாயத் தொறக்கச் சொல்லிப் பாப்பாரு. தூங்கும்போது மூக்குக்கிட்ட வெரல வச்சுப் பாப்பாரு. ஒரு நாள் அந்த வெரலைக் கடிச்சு வச்சுட்டேன்.

அதுகூடப் பரவாயில்லைங்க. "அடுத்த வருசம்"னு ஒரு வார்த்தை வீட்டுல சொல்லக்கூடாது. "அடுத்த வருசம் மேல்காட்டுல பூண்டு போடுவோமா?"ன்னா மொகம் செத்துப்போகும். "பொங்கலுக்கு வெள்ளையடிப்போமா?"ன்னா, "அதெல்லாம் ரிப்போர்ட் வரட்டும்." பேரிக்கா கன்னு ஒண்ணு வாங்கிட்டு வந்து நட்டேன். அது காய்க்க எம்புட்டு வருசம் ஆகும்னு யாரோ சொல்லிட்டாங்க, மனுசன் அது பக்கமே போறதில்ல. எனக்கு உசுரு திரும்பக் கெடச்சிருக்கு, அதைப் பெட்டியில போட்டுப் பூட்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டாரு. நான் போய்ச் சேந்திருந்தாக்கூட அந்த வீட்டுல இம்புட்டு ஒப்பாரி இருந்திருக்காது.

இதுக்கு நடுவுலதான் முடி கொட்ட ஆரம்பிச்சது.

அவரு முடியப் பத்திச் சொல்லணும். பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா வேற எதையும் விசாரிக்கல, அந்த முடியப் பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னாங்க. அப்படி ஒரு முடி. அது கொத்துக் கொத்தா வந்துச்சு. தலகாணியில முடி, தட்டுல முடி, கேரட்டு மூட்டையில முடி. மத்தவன்னா அழகு போச்சேன்னு வருத்தப்படுவான். இவரு பயந்தது வேற.

"ஐயோ, இது முருகன் முடியாச்சே! எங்கிட்ட இருக்கிறது கொறஞ்சுக்கிட்டே போகுதே!"

கவலையில முடி கொட்டுது, முடி கொட்டுதேன்னு கவலை. கொடைக்கானல்ல ஒரு டாக்டருகிட்டக் கூட்டிப் போனேன். அவரு பாத்துட்டு, "கவலைப்படாதீங்க, கவலைப்பட்டா இன்னும் கொட்டும்"னாரு. போச்சா? அன்னையிலிருந்து, ஐயோ நம்ம கவலைப்படுறோமேன்னு ஒரு புதுக் கவலை. சின்ன வெங்காயத்த அரச்சுத் தலையில தேச்சுக்கிட்டாரு. வீடு பூரா வெங்காய நாத்தம். கொட்டுன முடியெல்லாம் பொறுக்கி ஒரு மஞ்சப்பையில சேத்து, சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியில மாட்டி வச்சாரு. "அவரு சொத்து, அவருகிட்டச் சேக்கணும்"னாரு. தெனம் காலையில நான் கும்பிடப் போனா முருகனும் இருப்பாரு, மஞ்சப்பையும் இருக்கும்.

வருசம் திரும்புச்சு. மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துட்டு வந்தோம். வெள்ளிக்கிழமை காலையில போன்ல முடிவு சொல்றோம்னாங்க.

வியாழக்கிழமை பாக்குறேன், மனுசன் கண்ணாடி முன்னால நின்னு, மிச்சமிருக்கிறதை இந்தக் காதுலருந்து அந்தக் காதுக்கு இழுத்து விட்டுக்கிட்டிருக்காரு. எனக்குச் சட்டுன்னு பொறி தட்டுச்சு.

"ஏங்க, நாளைக்கு ரிப்போர்ட் வந்து, அப்புறம் நாள் பாத்து, நட்சத்திரம் பாத்து நீங்க பழனிக்குப் போறதுக்குள்ள இதுவும் போயிரும். வெறும் மண்டைய வச்சுக்கிட்டு அங்க எதை எறக்குவீங்க? ஏற்கெனவே மொட்டையா இருக்கிறவன் மொட்டை போட வந்திருக்கான்னு ஊரே சிரிக்காது?"

மனுசன் கை அப்படியே நின்னுபோச்சு. முன்கூட்டியே குடுத்துடுவோமோங்கிற பயம் ஒரு பக்கம், குடுக்க ஒண்ணுமே இல்லாமப் போயிருமோங்கிற பயம் ஒரு பக்கம். ரெண்டாவது பயந்தான் பெருசு.

"வெள்ளனே மொத பஸ்ஸுக்குப் போயிருவோம்"னாரு.

கொடைக்கானல் வந்து பழனி பஸ் பிடிச்சோம். பெருமாள்மலை தாண்டி வளைவுல எறங்க எறங்க, இவரு போனை ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு, "டவர் போச்சு தமயந்தி, டவர் போச்சு"ன்னு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சத்தம். பஸ்ஸு பூராவுக்கும் எங்க ஸ்கேன் கதை தெரிஞ்சுபோச்சு. முன்சீட்டு அம்மா திருநீறு எடுத்து எங்கழுத்துலயே பூசி விட்டாங்க.

அடிவாரத்துல முடி எறக்குற மண்டபம். சீட்டு வாங்கி உக்காந்தாரு. மழிக்கிறவரு பேரு திருமலைச்சாமி. இவரு தலையச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "ஏங்க, இதுக்கு முன்னாடி வேற எங்கயாச்சும் உக்காந்தீங்களா?"ன்னு கேட்டாரு. இவரு மஞ்சப்பையை எடுத்து நீட்டுனாரு.

"என்னங்க இது?"

"என்னோடதுதான். வழியில உதுந்தது. இதையும் சேத்துக்கங்க."

திருமலைச்சாமி பைக்குள்ள பாத்தாரு, என்னையப் பாத்தாரு. நான் கூரையப் பாத்தேன். என்ன நெனச்சாரோ, சிரிக்காம வாங்கி முடி போடுற சாக்குல கொட்டிட்டு, "சேந்துருச்சுங்க, குனிங்க"ன்னாரு.

பாதி மண்டை முடிஞ்சிருக்கும், எங் கையில இருந்த அவரு போன் அடிச்சுச்சு. இவரு துள்ளுன துள்ளுல, "அய்யா, காது போயிரும்!"னு திருமலைச்சாமி கத்துறாரு. எடுத்தா மண்டிக்காரரு. நாளைக்கு லோடு உண்டான்னு கேக்குறாரு.

முடிஞ்சுச்சு. குளிச்சு, சந்தனம் பூசி, சட்டையச் சுருட்டிப் பையில வச்சுட்டு, வேட்டி துண்டோட வந்து நின்னாரு. தலையத் தடவித் தடவிப் பாக்குறாரு. நானும் அழுவாரோன்னு பாத்தேன். சிரிக்குறாரு.

"காத்துப் படுதுடி தமயந்தி. எம்புட்டு நாளா கொட்டிருமோ கொட்டிருமோன்னு செத்தேன். இனிமே கொட்ட என்ன இருக்கு?"

அந்தச் சிரிப்பை நான் பாத்து வருசம் ஒண்ணாச்சு.

படிப்பாதைக்கு வந்தோம். மலைமேல போன் கொண்டு போகக்கூடாது, கீழ கவுன்டர்ல குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கணும். இவரு கைய நீட்டுனாரு. "குடு, ரெண்டு போனையும் குடுத்துருவோம்."

என் போனைக் குடுத்தேன். அவரு போன் எங் கைய விட்டு வரல.

உள்ளதைச் சொல்றேன். ஒரு வருசமா அந்த மனுசனை நான் பண்ணாத கேலி இல்ல. அவரு பயந்து பயந்து, எம் பயத்தையும் சேத்து அவரே பயந்துட்டாருபோல, நான் வீராப்பா இருந்துட்டேன். இப்ப அவரு எறக்கி வச்சுட்டாரு. மொத்தமும் வந்து எந் தலையில உக்காந்துருச்சு. இப்ப அடிச்சா? நான் மேல இருக்கும்போது அடிச்சா? என்ன சொல்வாங்க?

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்"னேன். எங் குரலே எனக்குப் பிடிபடல. "எனக்குப் பயமா இருக்குங்க."

பின்னால நின்னவங்க நகருங்கம்மா நகருங்கம்மாங்குறாங்க. இவரு நகரல. பக்கத்துல வந்து நின்னாரு.

"அவங்க சொல்லப் போறது இந்நேரம் எழுதி முடிஞ்சிருக்கும் தமயந்தி. நீ போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னா மாறிருமா? ஒரு வருசம் நானும் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன், முடிதான் போச்சு. இன்னைக்கு நீ நல்லாத்தான இருக்க? நல்லா இருக்கன்னு முருகன்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வருவோம், வா."

அந்த மொட்டைத் தலையும் சந்தனமுமா அவரு நிக்கிறதைப் பாக்கச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துச்சு. குடுத்துட்டேன். ஒரே டோக்கன். அவரு பையில இருந்த சட்டையோட பாக்கெட்டுல சொருகினாரு.

அரோகரா சொல்லிக்கிட்டு ஏறினோம். பாதிப் படியில உக்காந்து மோர் குடிச்சோம். சன்னதியில நிக்கும்போது என்னென்னமோ கேக்கணும்னு வச்சிருந்தேன், ஒண்ணும் வாயில வரல. "நல்லா இருக்கேன் முருகா. இன்னைக்கு நல்லா இருக்கேன்"னு மட்டும் சொன்னேன். சொல்லச் சொல்லக் கண்ணு கொட்டுது. நெஞ்சுக்குள்ள அம்புட்டு நிம்மதி. அன்னதானத்துல உக்காந்து ரெண்டாந்தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன். முட்டி வலிக்குதுன்னு எறங்கும்போது கம்பி இழுக்குற விஞ்சு ரயில்ல வந்தோம். பஞ்சாமிர்தம் வாங்கினோம், அன்னக்கொடிக்கு வளையல் வாங்கினோம், வெலை பேசிச் சண்டையும் போட்டோம். பஸ் ஏறிட்டோம்.

மலை ஏற ஏறக் குளிரு. மொட்டைத் தலை வேற, மனுசன் வெடவெடங்குறாரு. பையில இருந்த சட்டைய எடுத்து உதறினாரு. டோக்கன் மடியில விழுந்துச்சு.

ரெண்டு பேரும் அதைப் பாத்தோம். அவரு என்னையப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன்.

"அட முருகா, போனு!"ன்னாரு.

ஏறினது படியில, எறங்கினது விஞ்சுல, கவுன்டரு பக்கமே நாங்க திரும்பல. ராத்திரி மூக்குல வெரல வச்சுப் பாத்த மனுசன், போனை விடமாட்டேன்னு அழுத பொம்பள, ரெண்டு பேரும் ரெண்டு போனையும் பழனியில விட்டுட்டு, பஞ்சாமிர்தம் நக்கிக்கிட்டே பாதி மலை வந்திருக்கோம்! எனக்கு வந்துச்சு பாருங்க சிரிப்பு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன். பஸ்ஸே திரும்பிப் பாக்குது. கழுத்துக்கு ஆகாதும்பாருன்னு பாத்தேன். அவரு என்னைவிடச் சத்தமாச் சிரிச்சுக்கிட்டிருந்தாரு.

மறுநாள் வெள்ளனே டோக்கனை எடுத்துக்கிட்டுப் போனாரு. கவுன்டர்ல திட்டிட்டுத்தான் குடுத்தாங்களாம். வெயிலு ஏறினப்புறம் அன்னக்கொடி தோட்டத்துக்குள்ள ஓடியாந்தா, அவ போனை நீட்டிக்கிட்டு. "அக்கா, அண்ணன்!"

"தமயந்தி, ஆஸ்பத்திரிக்குப் பேசிட்டேன்." மூச்சு வாங்குது அவருக்கு. "ஒண்ணும் இல்லையாம். சுத்தமா இருக்காம்."

மண்ணுக் கையோட அப்படியே வரப்புல உக்காந்துட்டேன். அந்தப் பக்கம் அரோகரா சத்தம் மட்டும் கேக்குது.

"என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன். கோவப்படாதே, ஒண்ணு சொல்லணும். இங்க அடிவாரத்துல நின்னேனா, வாய் சும்மா இருக்கல, இன்னொன்னு வேண்டிக்கிட்டேன்."

"அடக் கடவுளே! இன்னும் என்ன?"

"முடி திரும்ப மொளச்சா, அடுத்த வருசம் வந்து மொட்டை போட்டுக்கிறேன்னு. நீயும் கூட வருவன்னு சொல்லிட்டேன்."

அடுத்த வருசம். அந்த வார்த்தை அவரு வாயிலருந்து வந்துருச்சு. நான் இருப்பேனா மாட்டேனான்னு கேக்காம, எனக்கும் சேத்து ஒத்துக்கிட்டு வந்திருக்காரு.

"சரி சரி, வெரசா வாங்க. கேரட்டு கழுவாமக் கெடக்கு"ன்னேன்.